நினைவகம் போதாத பணிமனை

கர்ர்ர், கர்ர்ர், கர்ர்... டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவ்வளவுதான் கேட்டது. கதவு மூடியிருந்தது, யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் நடைவழி பெஞ்சுகளில் காத்திருந்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சேர்ந்தாற்போலப் பெருமூச்சு விட்டோம். அச்சுப்பொறி ஒரு டீ ஆறுகிற நேரம் விடாமல் கத்தினால் டூட்டி லிஸ்ட் வந்துவிட்டது என்று பொருள். பாதியில் ‘டொக்’ என்றால், ஒற்றை வரியைத் துப்பிவிட்டு மண்டையைப் போட்டுவிட்டது என்று பொருள்.

கதவைத் திறந்துகொண்டு கூடுதல் மேலாளர் வந்தார். அவர் பதவியின் பெயரில்தான் கூடுதல் இருந்தது. அவர் கையால் எதுவும் கூடி நாங்கள் பார்த்ததில்லை. அந்த ஒற்றை வரித் தாளை அறிவிப்புப் பலகையில் வைத்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தி, கொஞ்சம் தள்ளி நின்று கோணலாக இருக்கிறதா என்று பார்த்தார். திருப்திப்பட்டுக்கொண்டு உள்ளே போனார்.

‘நினைவகம் போதவில்லை. பணி நிறுத்தப்பட்டது.’

எங்கள் பேருந்துப் பணிமனையில் யார் எந்த வண்டியை எந்த வேளையில் ஓட்டுவது என்பதைக் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போட்டுச் சொல்லும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று எல்லோரையும் சுற்றிவிடும். அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கும் ஆணை இருந்தது. அரசாங்கத்தில் ஆணை இல்லாத இடுக்கு ஏது? ‘புதிய பட்டியல் வெளியாகும் வரையில் கடைசியாக வெளியான பட்டியலே தொடர்ந்து நடைமுறையில் இருக்கும்.’

ஆகவே கம்ப்யூட்டர் கடைசியாக ஓடிய நாளில் யார் யார் எப்படி இருந்தோமோ அப்படியே உறைந்துபோனோம். அன்றைக்குப் பல்வலி என்று விடுப்பு எடுத்திருந்த ஓர் ஓட்டுநர், இன்னும் பல்வலியில்தான் இருந்தார். பல் சரியாகிவிட்டது என்று அவர் மருத்துவச் சான்று கொண்டுவந்து கொடுத்தபோது, ‘பட்டியலோடு ஒத்துப்போகவில்லை’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வழித்தடத்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்த வண்டி தினமும் பள்ளம் வரைக்கும் போய், பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்குக் கல்யாண விடுப்பில் இருந்த ஒரு நடத்துநர், பருவம் மாறிய பிறகும் கல்யாண விடுப்பிலேயே இருந்தார். அவருக்கு ‘மாப்பிள்ளை’ என்றே பேராகிவிட்டது. தினமும் காலையில் சலவைச் சட்டையோடு நடைவழிக்கு வந்து நிற்பார். ‘டொக்’ கேட்டதும், “அடடா, இன்னைக்கும் போச்சா? இவங்கள வெச்சுக்கிட்டு என்னதான் பண்றது!” என்று எங்களோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டிவிட்டு, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போவார்.

நான் அன்றைக்கு இரவுப் பணியில் இருந்தேன்.

என் மனைவிக்கு மூச்சிரைப்பு. பகலெல்லாம் தையல் கடையில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாள். இரவில்தான் அது வந்து நெஞ்சில் ஏறி உட்காரும். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்ட புதிதில் ஒரு நாள், மருந்துக் குழல் கை தவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. குனியவும் முடியாமல், கத்தவும் மூச்சில்லாமல், சுவரைத் தட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

“ராத்திரியில பக்கத்துல ஒரு ஆள் கண்டிப்பா இருக்கணும்” என்றார் மருத்துவர். “நீங்க இருப்பீங்கல்ல?”

“எனக்கு நைட் டூட்டிங்க.”

“சொல்லி மாத்திக்க வேண்டியதுதானே?”

அவர் தனியார் மருத்துவமனைக்காரர். உலகம் தெரியாதவர்.

மனைவியின் அக்கா வந்து கூட இருந்தாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. “பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும்தான் தம்பி. அதுக்குள்ள எப்படியாச்சும் பகலுக்கு மாத்திட்டு வந்துடுங்க” என்று என்னிடம் சொன்னாள். தினமும் மாலையில் நான் செருப்பை மாட்டும்போது, மனைவி மருந்துக் குழலை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிரில் வந்து நிற்பாள்.

ஆக, இரவெல்லாம் ஓட்டிய கண்ணோடு ஒரு நாள் கூடுதல் மேலாளரின் அறைக்குள் நுழைந்தேன். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தப் பொறியாளர் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவளைத் தங்கச்சி என்போம். ஒப்பந்தத்தில் அவள் பெயர் ‘பழுதுநீக்கும் பணி, பழுது நீங்கும் வரை’ என்று இருந்தது.

“வாங்கண்ணே. நான் சொல்றத நீங்களாவது கேளுங்க” என்றாள். “இந்த மெஷின்ல நினைவகம் எக்கச்சக்கமா இருக்கு. முக்காவாசி சும்மாதான் கெடக்கு.”

“அப்புறம் ஏன் போதலைங்குது?”

“பெரிய பஸ் ஒண்ணு நிக்குதுன்னு வெச்சுக்கங்க. சீட்டெல்லாம் காலி. ஆனா வாசல்ல ‘நாலு பேருக்கு மேல ஏறக் கூடாது’ன்னு போர்டு தொங்குது. அஞ்சாவது ஆளு கால வெச்சதும் பஸ்ஸு ‘இடம் இல்ல’ன்னு படுத்துக்குது. இந்தக் கறுப்பு ஜன்னல் இருக்கு பாருங்க, இதுக்கு ஷெல்லுன்னு பேரு. இதுலேருந்து கெளம்புற எந்த வேலையும் இவ்வளவுக்கு மேல நினைவகம் எடுக்கக் கூடாதுன்னு இதுல ஒரு வரம்பு போட்டு வெச்சிருக்கு. யூலிமிட்டும்பாங்க. ஒரே ஒரு வரி தட்டி அந்த எண்ண மாத்தினா முடிஞ்சுது.”

“ஒரே ஒரு வரியா?” என்றார் கூடுதல் மேலாளர்.

“ஆமா சார். அர நிமிஷம்கூட ஆகாது.”

“அவ்வளவு சின்ன வேலைக்கு எதுக்கு இவ்வளவு அவசரப்படுறீங்க? எப்ப வேணா செஞ்சுக்கலாமே.”

“அப்ப இப்பவே செஞ்சிடலாம் சார். கூட்டுறதுக்குத் தலைமை இயக்குநரோட கடவுச்சொல் வேணும். நீங்க கேட்டு வாங்கிக் குடுத்தா...”

அவர் சிரித்தார். பிறகு எழுந்து, சுவரோரமாகப் போய், அங்கிருந்த ஒரு பொருளின் மீது கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். பளிங்குப் பீடத்தின் மேல் நின்ற கண்ணாடி இறகு அது. ‘இலகு விருது’. அதைக் கொண்டுவந்து இறக்க நாலு ஆள் தேவைப்பட்டது.

அந்த விருதின் வரலாற்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் எல்லா அலுவலகங்களுக்கும் இலகுப் பைத்தியம் பிடித்தது. வெறுங்காலோடு, கஞ்சியில்லாத சட்டையில் ஒரு பேச்சாளர் வந்தார். குறைவாக வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்று மதியம் வரை பேசினார். அவருடைய பெட்டிகளைக் கொண்டுவர இன்னொரு கார் வந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் அலுவலகம் ‘இலகு அலுவலகம்’ ஆகியது. நாற்காலிகளின் கைகளை அறுத்தார்கள். குப்பைத் தொட்டிகளை அகற்றினார்கள். குப்பை மேசை இழுப்பறைகளுக்குக் குடிபோனது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள், எப்போதும் அலைந்துகொண்டிருப்பது மனதுக்குப் பாரம் என்று கழற்றப்பட்டது. கடைசியில் கம்ப்யூட்டர் மட்டும் பாரமாக இருக்கலாமா என்று கூடுதல் மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. நினைவக வரம்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். அப்போது வழித்தடங்கள் கொஞ்சம்தான் என்பதால் பட்டியல் எப்படியோ ஓடியது. நாட்டிலேயே குறைவாக நினைக்கும் அலுவலகம் என்று விருது கிடைத்தது. பிறகு வழித்தடங்கள் பெருகின, ஆட்கள் பெருகினார்கள், வரம்பு மட்டும் விருது வாங்கிய இடத்திலேயே நின்றது.

“வரம்பைக் கூட்டினா இதத் திருப்பிக் குடுக்கணும்” என்றார் கூடுதல் மேலாளர், இறகைத் தடவியபடி. “ஒரு தனிமனிதரோட வீட்டுப் பிரச்சனைக்காக ஒரு நிறுவனத்தோட கௌரவத்த விட முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“சார், என் வீட்டுக்காரம்மாவுக்கு ராத்திரியில மூச்சு...”

“புரியுது, புரியுது. அவங்களையும் கொஞ்சம் எளிமையான வாழ்க்கைக்குப் பழகச் சொல்லுங்க.”

அதற்காக அவர் சும்மா இருந்துவிட்டார் என்று யாரும் பழி சொல்ல முடியாது. நினைவகப் போதாமை ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். குழு கூடிக் கூடிக் கலைந்தது. இயந்திரமே தன் வாயால் ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லியிருப்பதால், நினைவகம் வாங்குவதே முறை என்று முடிவாயிற்று. வரம்பைத் தொடுவது குழுவின் அதிகார எல்லைக்கு வெளியே இருந்தது. வாங்குவது எப்போதும் எல்லைக்கு உள்ளே இருந்தது.

“சார், இருக்கிறதையே தொட விட மாட்டேங்குறீங்க. இன்னும் வாங்கி என்ன பண்ண?” என்று தங்கச்சி தலையிலடித்துக்கொண்டாள்.

“உங்க கருத்து பதிவு செய்யப்படும்” என்றார் கூடுதல் மேலாளர்.

புது நினைவகம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ரிப்பன் வெட்டினார்கள். மறுநாள் காலையில் பட்டியல் அதே இடத்தில், அதே வரியோடு நின்றது. எங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. கூடுதல் மேலாளர் மட்டும் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். “போன வாரம் சின்ன மெஷின்ல போதாம இருந்துச்சு. இப்ப பெரிய மெஷின்ல போதாம இருக்கு. வளர்ச்சி தெரியுதா இல்லையா?”

அடுத்து, பட்டியலின் பாரத்தைக் குறைக்கும் திட்டம் வந்தது. ஆட்களின் பெயர்களில் தேவையற்ற எழுத்துகள் நீக்கப்பட்டன. ஆளுக்கு ஓரெழுத்து. பணிமனையில் பாதிப் பேர் ‘மு’ ஆனார்கள். ஓர் அதிகாரி நடைவழியில் வந்து “மு யாருப்பா?” என்று கேட்டால் பெஞ்சே எழுந்து நின்றது. அப்படியும் பட்டியல் ஓடவில்லை. பெயர்கள் திரும்பக் கிடைக்கவும் இல்லை. எழுத்துகளைத் திரும்பச் சேர்ப்பது இலகுக் கொள்கைக்கு விரோதம் என்றார்கள்.

இதற்கிடையில் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. மனைவியின் அக்கா துணிகளை மடித்து மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கியிருந்தாள்.

“நான் தனியாவே இருந்துக்குறேங்க” என்றாள் மனைவி. “பக்கத்து வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். சத்தம் கேட்டா ஆணி அடிக்கிறதா நெனக்க வேணாம்னு.”

நான் மனுவுக்கு மேல் மனு போட்டேன். என் மனுவால் ஏதோ நடந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. பல்வலி ஓட்டுநர் என்று சொன்னேனே, அவர் பேருந்து ஓட்டுபவர் இல்லை. தலைமை இயக்குநரின் கார் ஓட்டுநர். இயக்குநரின் காரும் எங்கள் பட்டியலில்தான் இருந்தது. இத்தனை காலமும் இயக்குநர் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முன்னால் போகத் தெரிந்தது அவருக்கு. பின்னால் எடுக்கத் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு முட்டுச் சந்தில் நுழைந்துவிட்டு, மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் காலையில் கடவுச்சொல் கிடைத்தது.

ஆணை வந்ததும் கூடுதல் மேலாளர் இறகைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். முகத்தில் ரத்தமில்லை.

“பயப்படாதீங்க சார். இந்த யூலிமிட்டு நாம தட்டுற இந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும்தான் செல்லும். மத்த ஜன்னலுக்கெல்லாம் பழைய வரம்புதான்.”

“அப்படின்னா நாம வரம்பக் கூட்டினதா ஆகாதா?”

“இந்த ஜன்னல மூடினதும் கூட்டினது போயிடும்.”

“அருமை!” உயிர் வந்துவிட்டது அவருக்கு. “அரசாணைகூட இவ்வளவு நாசூக்கா எழுத வராதே!”

“ஆனா நிரந்தரமா வேணும்னா ஒரு கோப்புல எழுதி வெச்சிடலாம் சார். ஒவ்வொரு தடவையும்...”

“நிரந்தரம்கிற வார்த்தையே இங்க கூடாது. நீங்களே நிரந்தரம் கிடையாது.”

விழா ஏற்பாடாயிற்று. இயக்குநரே வந்தார், பல்வலி ஓட்டுநரை அன்றைக்கு மட்டும் வலியில்லாதவராக அறிவித்திருந்தார்கள். திரையில் கறுப்பு ஜன்னலைப் பெரிதாகக் காட்டினார்கள். பணிமனை முழுக்கக் கூடி நின்றது. ‘வரம்பு உயர்த்தும் வரலாற்றுப் பெருவிழா’வில் இயக்குநர் ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொல்லிச் சொல்லித் தட்டினார். ஒரு சொல், ஒரு கோடு, ஓர் எழுத்து, ஓர் எண். மழலையர் பள்ளியைப் போல நாங்களும் கூடவே சொன்னோம்.

“தப்பித் தவறி யாராச்சும் இந்த எண்ண மாத்திட்டா?” என்று இயக்குநர் கேட்டார்.

“கூட்ட முடியாது சார், அதுக்கு உங்க கடவுச்சொல் வேணும்” என்றாள் தங்கச்சி. “குறைக்கிறதுக்குத்தான் யாருடைய அனுமதியும் வேணாம்.”

“நல்ல ஏற்பாடு” என்றார் இயக்குநர். “நம்ம துறையும் அப்படித்தான்.”

எல்லோரும் கைதட்டினோம். இயக்குநர் ஒழுங்கில் பிரியமுள்ளவர். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடி, கம்ப்யூட்டரை அணைத்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நினைவகம் போதவில்லை.

ஆகவே இரண்டாம் முறையும் வரலாற்றுப் பெருவிழா நடந்தது. அதே உரை, அதே எழுத்துகள், அதே கைதட்டல். முதல் முறை தவறவிட்டவர்களுக்கும் இந்த முறை மனப்பாடமாகிவிட்டது. இம்முறை ஜன்னலை மூடவிடாமல் இயக்குநரின் கையைக் கூடுதல் மேலாளரே மரியாதையாகப் பிடித்துக்கொண்டார். ‘இந்த ஜன்னலை மூடுவது தண்டனைக்குரிய குற்றம்’ என்று பலகை வைத்தார்கள். அது போதாதென்று, பகல் முழுக்கத் திரைக்கு முன்னால் நிற்க வாயிற்காவலரை உள்ளே கொண்டுவந்தார்கள். பணிமனை வாசலில் யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் பேருந்தை ஓட்டிக்கொண்டு போகலாம். ஜன்னலை மட்டும் யாரும் தொட முடியாது. பெருக்க வந்த அம்மாள் திரையின் தூசியைத் தட்டப் போனபோது, “எட்டிப் போம்மா, உள்ள வரம்பு இருக்கு” என்று காவலர் அதட்டினார்.

அடுத்த நாள் பட்டியல் வந்தது. முழுசாக, வழித்தடம் வழித்தடமாக, தாள் தாளாக வந்தது. மாப்பிள்ளை இரவுப் பணிக்குப் போனார். பல்வலிக்காரர் பகிரங்கமாகக் குணமானார். பள்ளம் பார்க்கப் போன வண்டி வேறு வழியில் போனது. எனக்குப் பகல் பணி.

மனைவியின் அக்கா அன்றைக்கே ஊருக்குக் கிளம்பினாள். “நல்ல நேரத்துல மாத்திக் குடுத்தாங்க தம்பி” என்று பையைத் தூக்கிக்கொண்டாள். இரவில் நான் வீட்டில் இருந்தேன். பழக்க தோஷம், தூக்கம் வரவில்லை. மனைவியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டாம் இரவு அது வந்தது. குழலை எடுத்துக் கையில் கொடுத்தேன், முதுகைத் தடவினேன், அடங்கியது. அவ்வளவுதான். ஒரு மனிதன் பக்கத்தில் இருந்தால் ஆகிற வேலை.

“இனிமே பகல்தானே?” என்றாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

“பகல்தான்” என்றேன்.

மறுநாள், பட்டியலோடு ஒட்டியிருந்த ‘இனி வரவிருக்கும் பட்டியல்கள்: உத்தேசம்’ என்ற தாளைப் பார்த்தேன். வரும் வாரம் மாலை. அதற்கடுத்த வாரம் இரவு. என் ஓரெழுத்துக்கு நேராகத் தெளிவாக அச்சாகியிருந்தது.

தங்கச்சியிடம் ஓடினேன். “என்ன தங்கச்சி இது? சரி பண்ணிட்டதாச் சொன்னியே!”

“சரியாகித்தாண்ணே இருக்கு. சுத்தணும், சுத்தணும்னு நீங்கதான கேட்டீங்க? இப்ப சுத்துது.”

கூடுதல் மேலாளரிடம் போய் நின்றேன். வீட்டு நிலைமையைச் சொன்னேன். எனக்கு மட்டும் இரவு வேண்டாம் என்று கேட்டேன். இத்தனை நாளும் பட்டியல் ஓடவில்லை என்பதால் முடியாது என்றவர், இப்போது பட்டியல் ஓடுகிறது என்பதால் முடியாது என்றார். “மெஷினுக்குப் பாரபட்சம் கிடையாது. அதுதான் அதோட அழகே.” இப்போது என்னைப் பகலிலேயே நிறுத்திவைக்கக் கூடியது அந்தப் பழுது ஒன்றுதான், அதைத் தீர்க்கச் சொல்லி மனுப் போட்டவனும் நானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஜன்னல் இருந்த அறைக்குப் போனேன். காவலர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவருக்கும் பட்டியலில் பகல்தான். இரண்டு வாரத்தில் இரவு.

“என்னண்ணே, இந்தப் பக்கம்?” என்றார்.

“சும்மா. டீ குடிக்கப் போறதில்லையா?”

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தார். “காலையிலேருந்து ஆளாளுக்கு டீ குடிக்கப் போறதில்லையான்னு கேக்குறாங்க. குடிச்சுக் குடிச்சு வயிறே கலங்கிப்போச்சு. சரி, உங்களுக்காக இன்னொண்ணு. ஜன்னலப் பாத்துக்கங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் குனிந்து திரையைப் பார்த்தேன். இயக்குநர் தட்டிய வரி மேலே இருந்தது. அதற்குக் கீழே, நான் தட்ட வந்திருந்த வரி ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழேயும் இருந்தது. அதற்கும் கீழே. திரை முழுக்க இருந்தது. முதல் ஆள் கூச்ச சுபாவக்காரர்; எண்ணைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்திருந்தார். அடுத்தவர் தைரியசாலி. இன்னொருவர் எழுத்துப் பிழையோடு தட்டி, இயந்திரம் புரியவில்லை என்றதும் திருத்தித் தட்டியிருந்தார். பல்வலிக்காரர் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி ஒருநாளும் வலிக்கக் கூடாது என்கிற வேகம் அந்த எண்ணில் இருந்தது. கடைசி வரி மட்டும் ஒரு தடுமாற்றமும் இல்லாமல், பழகிய விரல்களால் தட்டியதாக இருந்தது. பழுது நீங்கினால் ஒப்பந்தமும் நீங்கிவிடும் ஒருத்தியின் விரல்கள்.

இனி நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வரம்பு ஒரு கொசு நுழைய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. இருந்தாலும், எல்லோரும் செய்திருக்கும்போது நான் மட்டும் ஒதுங்கி நிற்பது ஒற்றுமைக்கு அழகில்லை. ஒரு சொல், ஒரு கோடு, ஓர் எழுத்து, இன்னும் சிறிய ஓர் எண். விழாவில் கற்றதைப் பிழையில்லாமல் தட்டினேன்.

மறுநாள் பட்டியல் வரவில்லை. முந்தைய பட்டியலே நடைமுறையில் தொடரும் என்று தாள் ஒட்டினார்கள். நடைவழியில் நாங்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அதிகாரிகளை வயிறார வைதோம். அன்றைக்கு வைததைப் போல ஆத்மார்த்தமாக நாங்கள் என்றைக்கும் வைததில்லை. கூடுதல் மேலாளர் திரையில் இருந்த எண்ணைப் பார்த்து முதலில் வெலவெலத்துப் போனாராம். பிறகு அதை மேலிடத்துக்கு அறிக்கையாக எழுதினார். ஊழியர்கள் தாமாகவே முன்வந்து வரம்பைத் தியாகம் செய்திருப்பது உலகத்தில் வேறெங்கும் நடக்காதது என்று மேலிடம் நெகிழ்ந்தது. இன்னொரு இறகு வந்து இறங்கியது. தங்கச்சியின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. இயக்குநரின் காரைப் பல்வலிக்காரர் ஓட்டுவதால், கடவுச்சொல்லைப் பற்றி மேலே யாரும் பேசவில்லை.

“எப்படிங்க பகலே நெலச்சுது?” என்று மனைவி கேட்டாள்.

“நினைவகம் போதலையாம்.”

“பாவம்” என்றாள், குழலைத் துடைத்துக் கழுத்தில் மாட்டியபடி. “ராத்திரிக்குப் போனவங்க வீட்டுல யாரு தனியா இருக்காங்களோ.”

நான் குளிக்கப் போனேன்.

இன்று காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் பக்கக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். இரவுப் பணி முடித்த மாப்பிள்ளை வந்து நின்றார். சட்டை கசங்கி, கண் சிவந்து, அடையாளமே தெரியவில்லை.

“அண்ணே, நீங்க நைட்டுலேருந்து பகலுக்கு வந்தீங்களே, மனு எப்படி எழுதினீங்க? எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்கண்ணே. வீட்டுல அவ முழுகாம இருக்கா. ராத்திரியில ஒண்டியா இருக்கப் பயப்படுறா.”

“எழுதலாம் மாப்ள” என்றேன். “ஆனா எழுதி என்ன பிரயோஜனம்? இந்த அதிகாரிங்களப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. ஒரு வரி தட்டுற வேலை. அதச் செய்ய மனசு வருதா பாரு.”

“நாசமாப் போறவங்க!” என்றார் மாப்பிள்ளை.

“நாசமாப் போறவங்கதான்” என்றேன்.

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். கண்ணாடியில் அவர் சின்னதாகிக்கொண்டே போவது தெரிந்தது. கண்ணாடியின் மீது வாயை வைத்து ஊதி, துணியை மடித்து, ஓரத்திலிருந்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.